இரண்டு டம்ளர்

ஜிகணி ரோட்டில்
பஞ்சர் கடைக்கு மேலே எங்கள் ஆய்வகம்.
மண் இங்கே பஸ்ஸில் வரும்,
யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்து.

பில்லப்பாவின் மண் வந்தது
ஒரு சேலைக்கடைப் பையில்.
ஆனேக்கல் தாண்டி இரண்டரை ஏக்கர்.
இந்த வருஷப் பயிர்: ராகி.
போன வருஷம்: ராகி.
மரம் என்று ஒரு கட்டம்
எங்கள் படிவத்தில் இல்லை.

சல்லடையில் தேய்த்தேன். மாவாக விழுந்தது.
ஒரு வேர்நார் இல்லை, ஒரு வண்டின் கால் இல்லை.
முகர்ந்தேன்
(முகரக் கூடாது என்று
வேலைக்குச் சேர்ந்த வாரமே சொன்னார்கள்).
சூளையில் வெந்த செங்கல் போல
எதுவும் சொல்லாத வாசனை.

குடுவையில் ஆரஞ்சுத் திராவகம்.
மக்கிய இலை இருந்தால் அது பச்சைக்குத் திரும்பும்;
ஒருகாலத்தில் பச்சையாய் இருந்ததை
எப்படியோ அமிலம் அறியும்.
அரைமணி நேரம் காத்திருந்தேன்.
ஆரஞ்சு ஆரஞ்சாகவே நின்றது.

கரிமம் 0.31. குறைவு.

சட்டைப்பையிலிருந்து பழைய அட்டையை எடுத்தார்,
எட்டாக மடித்தது.
0.68.
நடுவில் ஆறு வருஷம்.

நான் கேட்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தபடி அவரே சொன்னார்:
வரப்பில் நாற்பத்தியொரு சில்வர் ஓக்,
பதினோரு ஹொங்கே.
மகள் சௌஜன்யாவுக்கு நர்சிங் சீட்.
மரக்காரன் ஒரே நாளில் லாரி வைத்தான்.
வேரையும் ஜேசிபியால் பிடுங்கிக்கொண்டான்,
அதற்குக் காசு வாங்கவில்லை.
"முதல் வருஷம் ராகி நல்லா வந்துச்சு மேடம்.
நெழல் போச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

அடுத்த மழை நேராக விழுந்தது.
அதற்கு முன் மழைக்கு
இலையில் உட்காரவும் கிளையில் இறங்கவும்
நேரம் இருந்தது.
இது மாடியிலிருந்து எறிந்த மழை.
அடி வாங்கிய நிலம் தோல் கட்டிக்கொண்டது.
முளை முட்டி முட்டிப் பார்த்து
மஞ்சளாகி உள்ளேயே படுத்தது.
மிச்ச மேல்மண் சாக்கடை வழியே போய்
புது அபார்ட்மெண்ட் வாசலில் சிவப்பாய்த் தேங்க,
செக்யூரிட்டி பைப் பிடித்துக் கழுவினானாம்.
இவர் எதிரே நின்று பார்த்தாராம்.

"முனேஸ்வரன் கல்லுக்குப் பக்கத்துல
ஒரு ஹொங்கே மட்டும் நிக்குது.
மரக்காரன் தொடலை.
தொடுன்னு நானும் சொல்லலை."

பையின் அடியில், காலண்டர் தாளில் சுற்றி,
அங்கிருந்தும் ஒரு கட்டி.
ஏன் கொண்டுவந்தோம் என்று
அவருக்கே தெரியவில்லை.

கண்ணாடி டீ டம்ளர் இரண்டைக் கழுவினேன்.
இது எங்கள் கட்டணப் பட்டியலில் இல்லாத சோதனை.

வயல் கட்டி
ஒரு குமிழி விட்டது, பிறகு ஒன்று,
பிறகு உடைந்து சரிந்து குழம்பாகி
டம்ளர் முழுக்கச் சிவந்தது.
நாற்பது விநாடி.

மரத்தடிக் கட்டி கிடந்தது.
கீழே ஒரு டியூபை ஒட்டி முடித்து
காற்றடித்துப் பார்த்தார்கள்.
அப்போதும் கிடந்தது.

செத்த பிறகும் வேர் விடாத பிசின்,
கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூல்,
புழு தின்று திருப்பித் தந்த உருண்டை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
தெளிந்த நீருக்கு அந்தப் பக்கம்
அவர் விரல் தெரிந்தது, பெரிதாக,
கண்ணாடியைத் தொட்டபடி.
சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் அட்டையை அச்சிட்டது:
யூரியா இத்தனை கிலோ, பொட்டாஷ் இத்தனை.
கையெழுத்துப் போட்டேன்.
டம்ளரில் கைவிட்டு அந்தக் கட்டியை எடுத்து
"இது உங்களுக்கு வேணாம்தானே" என்று
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
படி இறங்குமுன்
ஈரம் நெஞ்சில் உள்ளங்கையளவு பரவியிருந்தது.

இரவு. ஹோசா ரோடு, நான்காம் மாடி.
தவணையில் வாங்கிய பிளைவுட் அலமாரி.
திறக்கும்போதெல்லாம் வரும் மெல்லிய வாசனையை
புதுசு வாசனை என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
துணிகளை மடித்து வைத்தேன்.
கதவு சரியாக மூடவில்லை.
வெளியே மழை,
நேராக.